டாக்டர் பார்க்காத மருந்து

மலேசியாவின் சிகாமட் மாவட்டத்தில் உள்ள சாஆவில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரின் வீட்டுக்கு மருந்து எத்தனை வாசல் வழியாக வந்து சேருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் கொழுப்புக்கும் மாதாமாதம் அரசாங்க கிளினிக்கில் எடுக்கும் மாத்திரைகள் ஒரு வாசல். இருமல், காய்ச்சல் என்றால் கடைத்தெருவில் இருக்கும் தனியார் கிளினிக். முட்டி வலி தாங்கவில்லை என்றால் பார்மசி. இதயத்தில் ஏதோ கோளாறு என்று எழுதிக் கொடுத்தால் லாபிஸைத் தாண்டி சிகாமட் மருத்துவமனை. இவை போக சின்சே எனும் சீன வைத்தியர் கடையின் கஷாயம், இரவுச் சந்தையில் வாங்கிய ஜமு மூலிகை மருந்து, கைப்பேசியில் ஆர்டர் போட்டதும் வாசலுக்கே வந்துவிடும் டப்பா.

ஒவ்வொரு வாசலிலும் இருப்பவர் தம் வேலையைச் சரியாகச் செய்பவராகவே இருக்கட்டும். ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஒன்றுக்கொன்று ஆகாத மருந்துகள் ஒரே வயிற்றுக்குள் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். டாக்டருக்கு உதவ கணினி, பட்டியல், மருந்தாளர் என்று பல ஏற்பாடுகள் வந்துவிட்டன. ஆனால் தமக்குத் தெரிந்த மருந்தை வைத்துத்தான் அவை எதையும் சொல்ல முடியும். தெரியாத மருந்தைப் பற்றி எந்தக் கணினியும் எச்சரிக்காது.

இது நம்மவர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும் விஷயம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே பார்த்தால் 31.4 விழுக்காடு. 2023-ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டு மக்களின் மொத்தக் கணக்கு 15.6 விழுக்காடாக வந்தது. அதே ஆய்வில், இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, அதிகக் கொழுப்பு, உடல் பருமன் ஆகிய நான்கும் ஒரே ஆளிடம் இருப்பது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தெரியவந்தது. சாஆவும் இந்தக் கவலையின் வரைபடத்தில் உள்ள ஊர்தான். மோனாஷ் பல்கலைக்கழகம் 2011-இல் தொடங்கிய சியாக்கோ என்னும் ஆய்வு மையம் சிகாமட் மாவட்டத்தில் தேர்ந்தெடுத்த ஐந்து முக்கிம்களில் சாஆ ஒன்று. கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்திருக்கிறார்கள்.

நோய் மூன்று என்றால் மாத்திரை ஐந்தாறு. இரண்டு மருந்து சாப்பிடுபவரிடம் சரிபார்க்க வேண்டிய ஜோடி ஒன்றுதான். ஐந்து மருந்தானால் பத்து ஜோடி, எட்டு மருந்தானால் இருபத்தெட்டு, பத்து மருந்தானால் நாற்பத்தைந்து. வெளியே நாற்பது பேர் காத்திருக்க, ஒருவருக்குச் சில நிமிடம் மட்டுமே ஒதுக்க முடிகிற டாக்டர் இத்தனையையும் மனத்தில் ஓட்டிப் பார்ப்பார் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

ஆகாத ஜோடி என்றால் உள்ளே நடப்பது என்ன? ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோபிரில், உடலில் சேரும் உப்பையும் நீரையும் வெளியேற்ற ஹைட்ரோகுளோரோதையசைட், இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின். மூன்றும் நல்ல மருந்துகள், கொடுத்த காரணமும் சரி. முட்டி வலிக்குத் தானாகவே பொன்ஸ்தானோ வோல்தாரெனோ வாங்கி ஒரு வாரம் விடாமல் சாப்பிடுகிறார். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிக்கு இரத்தம் நுழைய ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். உள்ளே போதிய அழுத்தம் இருந்தால்தான் வடிகட்டல் நடக்கும். வலி மாத்திரை நுழையும் குழாயைச் சுருக்குகிறது. பெரிண்டோபிரில் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை மொத்த நீரையே குறைக்கிறது. வெயிலில் வேலை செய்து வியர்த்திருந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்திருந்தாலோ கேட்கவே வேண்டாம். அழுத்தம் சரிந்து சிறுநீரகம் தடுமாறுகிறது. சிறுநீரகம் தடுமாறினால் அதன் வழியாக வெளியேற வேண்டிய மெட்ஃபார்மினும் உடலிலேயே தங்கத் தொடங்கும். வலி மாத்திரை எழுதும் முன் டாக்டர் 'வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்பது இதற்காகத்தான். பாராசிட்டமால் அல்லது முட்டியில் தேய்க்கும் களிம்பு போதுமா என்று அவர் முதலில் பார்ப்பதும் இதனால்தான்.

இது மருந்துகளின் வேலை ஒன்றோடொன்று கூடிக் கெடுப்பது. இன்னொரு வகை கல்லீரலில் நடக்கிறது. நாம் சாப்பிடும் மருந்துகளில் பெரும் பங்கைச் சிதைத்து வெளியேற்றுவது சிஒய்பி3ஏ4 என்ற ஒரே நொதி. யோங் பெங் டோலில் ஒரு தடத்தை மூடிவிட்டால் வண்டிகள் பின்னால் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நடப்பதும் அதுதான். கொழுப்புக்கு இரவில் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டின் இந்த நொதி வழியாகத்தான் கரைந்து போக வேண்டும். நெஞ்சுச் சளிக்கு எழுதப்படும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அந்த நொதியை அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் சிம்வாஸ்டாட்டின் இரத்தத்தில் பல மடங்கு உயரும். தசை நார்கள் சிதையலாம், சிதைந்த கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாள்களில் சிம்வாஸ்டாட்டினை நிறுத்தி வைக்கலாம், அல்லது அசித்ரோமைசின் போன்ற வேறொன்றை எழுதலாம். டாக்டருக்குத் தெரிந்தால் இரண்டில் ஒன்றைச் செய்வார். இதே காரணத்தால்தான், இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுபவருக்குச் சிம்வாஸ்டாட்டின் நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2011-இல் அறிவித்தது. இந்த இரண்டும் நம் அரசாங்க கிளினிக்குகளில் அன்றாடம் புழங்கும் மருந்துகள்.

அந்த நொதியை அடைப்பது மருந்து மட்டுமல்ல. திராட்சைப் பழச்சாறு என்று சிலர் தவறாக மொழிபெயர்க்கும் கிரேப்ஃப்ரூட் சாற்றுக்கு இந்தக் குணம் உண்டு என்பதை 1989-இல் கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். சாராயத்துக்கும் ஓர் இரத்தக் கொதிப்பு மருந்துக்கும் உள்ள தொடர்பைச் சோதித்தபோது, சுவையை மறைக்கக் கலந்த சாறுதான் மருந்தின் அளவை ஏற்றியது தெரியவந்தது. அதன் நெருங்கிய உறவான பம்பளிமாஸுக்கும், அதாவது நம் ஊரில் லிமாவ் பாலி என்று வாங்குகிறோமே அதற்கும், இந்தக் குணம் ஓரளவு உண்டு. சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் வகை எளிமையானது. கால்சியம், இரும்பு மாத்திரைகள் தைராய்டு மாத்திரையையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சில மணி நேர இடைவெளி விட்டால் பெரும்பாலும் தீர்ந்தது.

எனக்கு மிகவும் கவலை தருவது ஜமுவும் உடல் வலிக்கென்று விற்கும் மாத்திரைகளும்தான். பாரம்பரிய மருந்து எல்லாமே தீயது என்று நான் சொல்லவில்லை. பதிவு செய்யப்படாத பொருள்கள் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நாட்டின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ சோதனைகளில் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து அறிவித்து வருகிறது. சாப்பிட்ட இரண்டே நாளில் முட்டி வலி பறந்துவிட்டது என்று சொல்ல வைப்பது பெரும்பாலும் இந்த ஸ்டீராய்டுதான்.

இனிப்பு நீர் உள்ளவரிடம் இது செய்யும் வேலையை மெதுவாகத் தொடர்ந்து பாருங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். அடுத்த சந்திப்பில் டாக்டர் பார்க்கும்போது சர்க்கரை அளவு மோசமாக இருக்கிறது. நோயாளி உணவுக் கட்டுப்பாட்டை மீறுகிறார் போலும் என்று நினைத்து கிளிக்கிளசைட் அளவைக் கூட்டுகிறார், அல்லது இன்சுலின் தொடங்குகிறார். காகிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரி. பிறகு ஒரு நாள் டப்பா தீர்ந்துபோகிறது, அல்லது பிள்ளைகள் திட்டியதால் ஜமுவை நிறுத்திவிடுகிறார். இப்போது சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருந்தது இல்லை, இறக்குவதற்குக் கூட்டிய மருந்து மட்டும் அப்படியே இருக்கிறது. மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் உடலின் சொந்தச் சுரப்பியும் தன் உற்பத்தியைக் குறைத்திருக்கும். சர்க்கரை தடாலென்று இறங்கும்போது அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய ஹார்மோனும் இல்லை. விடிகாலையில் வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பிய நிலையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இதில் டாக்டர் எழுதிய மருந்துகளுக்குள் மோதலே இல்லை, மோதியது டாக்டர் அறியாத ஒன்றோடு. ஆகவே ஜமு சாப்பிட்டு வந்தவர் அதைத் தானாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டப்பாவோடு டாக்டரிடம் போய், அவர் சொல்லும் முறையில்தான் விட வேண்டும்.

இதே போன்ற இன்னொரு கலப்படம், ஆண்மைக்கு என்று விற்கும் காப்பித் தூளிலும் மிட்டாயிலும் சில்டெனாஃபில், தடலாஃபில். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரையோடு இவை சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிர் போகும் அளவுக்கு விழும். கூச்சம் காரணமாக இதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. கேட்டால்கூட மறைக்கிறார்கள். டாக்டர்கள் இதைத் தினமும் கேட்பவர்கள், யாரையும் தாழ்வாக நினைக்க மாட்டார்கள்.

மறைவாக இருக்கும் மருந்து எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு உலகம் அறிந்த சம்பவம் ஒன்று ஜப்பானில் நடந்தது. 1993 செப்டம்பரில் அக்கிக்குச் சொரிவுடின் என்ற புதிய மருந்து விற்பனைக்கு வந்தது. வந்த நாற்பது நாளுக்குள் 15 பேர் இறந்தார்கள். அவர்கள் 5-எஃப்யூ வகைப் புற்றுநோய் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். சொரிவுடினைக் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது உண்டாகும் ஒரு பொருள், புற்றுநோய் மருந்தை அழிக்கும் நொதியை முடக்கிவிட்டது. அந்த மருந்து உடலில் நஞ்சாகச் சேர்ந்தது. இந்த இரண்டையும் சேர்க்கக் கூடாது என்பது மருந்தோடு வந்த காகிதத்தில் இருந்தது. ஆனால் அக்காலத்தில் ஜப்பானில் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமலே சிகிச்சை கொடுப்பது பரவலான வழக்கம். எந்த மருந்து சாப்பிடுகிறோம் என்றே தெரியாதவர், அக்கிக்காகப் பார்க்கப் போன டாக்டரிடம் எதைச் சொல்லுவார்?

அதன் பிறகு ஜப்பானில் மருந்துக் குறிப்பேடு என்ற பழக்கம் பரவியது. சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. எந்த கிளினிக்கில், எந்தப் பார்மசியில் மருந்து வாங்கினாலும் பெயரும் அளவும் தேதியும் அதில் ஏறும். அடுத்த டாக்டர் அதைத் திறந்து பார்த்த பிறகே எழுதுவார். 2011 சுனாமியில் மருத்துவமனைப் பதிவுகள் அழிந்த ஊர்களில், கையில் இந்த நோட்டை வைத்திருந்தவர்களுக்கு மருந்தைத் தொடர்ந்து கொடுக்க அதுவே உதவியது.

கணினி வந்த பிறகும் இந்த நோட்டு எதற்கு என்று கேட்கலாம். கணினி உண்மையாகவே உதவுகிறது. டாக்டர் மருந்தைக் கணினியில் எழுதும் முறையால் கடுமையான மருந்துப் பிழைகள் 55 விழுக்காடு குறைந்ததாக 1998-இல் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் பேட்ஸ் குழுவினர் காட்டினார்கள். மலேசியாவிலும் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் மருந்தகத் தகவல் அமைப்பு படிப்படியாக வந்திருக்கிறது. ஆனால் கணினிக்கு ஒரு நோய் உண்டு, அது அளவுக்கு மீறி எச்சரிக்கும். சின்னதற்கும் பெரியதற்கும் ஒரே மாதிரி திரையில் பெட்டி எழும்பினால், படிக்காமலே 'சரி' என்று தட்டிவிட்டுப் போகிற பழக்கம் யாருக்கும் வரும். 2006-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை டாக்டர்கள் ஒதுக்கிவிட்டுச் சென்றது தெரிந்தது. டாக்டரின் அலட்சியம் என்று இதை முடித்துவிட முடியாது. கத்திக்கொண்டே இருக்கும் கருவியைச் செய்தவர்களும் பொறுப்பு. அதனால்தான் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து, எந்தச் சூழலிலும் சேர்க்கவே கூடாத ஜோடிகள் என்று 15-ஐ மட்டும் 2012-இல் பொறுக்கி எடுத்தது. அடுத்த ஆண்டு, டாக்டரை நிறுத்தி எச்சரிக்கத் தேவையே இல்லாத 33 ஜோடிகளையும் பட்டியலிட்டது. எதற்குக் கத்துவது, எதற்குச் சும்மா இருப்பது என்று கணினிக்குக் கற்றுக் கொடுப்பதுதான் இந்தத் துறையில் இப்போது முக்கிய வேலை என்பேன்.

கணினியைவிட நான் அதிகம் நம்புவது மருந்தாளரை. அரசாங்க கிளினிக்கில் உங்கள் மருந்துச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் போனதும் நேராக மாத்திரையை எண்ணிப் போடுவதில்லை. மருந்தாளர் சீட்டைச் சரிபார்க்கிறார். அளவு கூடுதலாக இருந்தாலோ ஆகாத ஜோடி இருந்தாலோ டாக்டருக்குப் போன் அடித்துக் கேட்கிறார். உங்கள் எண் திரையில் வரத் தாமதமாகும் சில நாள்களில் உள்ளே நடப்பது அதுதான், அவசரப்படுத்த வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்களையும், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களையும் தனியே உட்கார வைத்துப் பேசும் எம்டிஏசி என்ற சந்திப்பையும் மருந்தாளர்களே நடத்துகிறார்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர் எந்த ஆன்டிபயாடிக்கையும், டான்ஷென், டாங் குவாய் போன்ற சீன மூலிகையையும் கேட்காமல் தொடக் கூடாது. இரத்தம் கசிய அதுவே போதும்.

தனியார் கிளினிக்கில் நிலைமை வேறு. மலேசியாவில் டாக்டரே மருந்தை எழுதி, அதே கிளினிக்கில் கொடுக்கவும் செய்கிறார். இடையில் இரண்டாவது ஜோடிக் கண்கள் இல்லை. தென்கொரியா 2000-இல் எழுதுவதையும் கொடுப்பதையும் சட்டம் போட்டுப் பிரித்தது. இங்கே அது பல ஆண்டுகளாக டாக்டர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் இடையே வாதமாகவே இருக்கிறது. சாஆ போன்ற சிறிய ஊரில் இரவு எட்டு மணிக்குக் காய்ச்சலோடு வருபவரை, மருந்துக்கு இன்னொரு கடைக்கு அலைய விடுவது நியாயமா என்று டாக்டர்கள் கேட்பதும் எனக்குப் புரிகிறது. பிரிக்கும் நாள் வரும்வரை ஒன்று செய்யலாம். தனியார் கிளினிக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். 'மாக்கான் 1 பிஜி, 3 காலி செஹாரி, செலெபாஸ் மாக்கான்' என்று, சாப்பிட்ட பின் நாளுக்கு மூன்று முறை ஒரு மாத்திரை என்ற மலாய்க் குறிப்பு இருக்கும். கீழே 'பத்துக்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது இருமலுக்கு என்று உங்களுக்குப் புரியும், அடுத்த டாக்டருக்கு ஒன்றும் புரியாது. 'மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கம்மா, கவர்மென்ட் கிளினிக்கில் காட்டணும்' என்று கவுண்டரில் கேட்டால் எழுதித் தருவார்கள். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் பார்மசிகளும் மருந்தின் விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை நடப்புக்கு வந்திருக்கிறது. விலையைக் கேட்கும்போதே பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஜப்பானின் நோட்டுக்கு ஈடாக நம்மிடம் இனிப்பு நீர்க்காரர்களின் பச்சைப் புத்தகம் இருக்கிறது. அதில் வெளி மருந்துகளை எழுதத் தடை ஏதும் இல்லை. 'கெனாலி உபாட் அண்டா' என்று சுகாதார அமைச்சு 2007 முதல் நடத்தி வரும் விழிப்புணர்வு இயக்கம் சொல்வதும் உங்கள் மருந்தின் பெயரையும் அளவையும் நீங்களே அறிந்திருங்கள் என்பதைத்தான். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு இதைவிட எளிய வழி, வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போவது. 'எல்லா மருந்தும்' என்றால் குளிர்பெட்டிக் கதவில் இருக்கும் சொட்டு மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த நான்கு மாத்திரை, விட்டமின், பாகற்காய் மாத்திரை, ஜமு டப்பா எல்லாம்தான். டப்பாவில் எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட பதிவு எண் இருக்கிறதா, பாரம்பரிய மருந்தானால் இலக்கங்களுக்குப் பின் டி எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றாலும் எடுத்துப் போங்கள். அதைத்தான் டாக்டர் முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ ஜொகூர் பாருவிலோ வேலை செய்கிறார்கள் என்றால், ஊருக்கு வரும்போது பையில் உள்ளதை மேசையில் பரப்பிக் கைப்பேசியில் படம் எடுத்து அப்பா அம்மாவின் கைப்பேசியிலும் போட்டு வையுங்கள்.

புது மருந்து தொடங்கிய சில நாளில் தசை வலியோடு சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், மலம் தார் போலக் கறுத்தால், வியர்த்து நடுங்கிக் குழம்பினால், சிறுநீர் குறைந்து கால் வீங்கினால், நெஞ்சு தாறுமாறாகத் துடித்து மயக்கம் வந்தால் அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். நடுங்குகிறவருக்கு விழுங்க முடியுமானால் முதலில் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்துவிட்டு, மருந்துப் பையோடு அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மற்ற நேரங்களில் எந்த மருந்தையும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்த வேண்டாம். பெரும்பாலான ஜோடிகளுக்கு அளவைக் குறைத்தோ, நேரத்தை மாற்றியோ, இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டோ டாக்டரால் வழி காண முடியும். ஒரு மருந்தால் கெடுதல் வந்தது என்று சந்தேகம் இருந்தால் நோயாளியே என்பிஆர்ஏவுக்குப் புகார் அளிக்க கான்செர்ஃப் என்ற படிவம் இருக்கிறது. அதில் நீங்கள் சாப்பிட்ட மற்ற மருந்துகளையும் மூலிகைகளையும் எழுத இடம் விட்டிருக்கிறார்கள், அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.